வெட்டுறது அப்புறம்... முதல்ல கேசட்டைக் காப்பாத்துங்க!

பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால், செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மேலே ஒட்டிய காகிதத்தில் மணமக்களின் பெயரும் தேதியும் பேனாவால் எழுதியிருக்கும். எழுத்து பாதி மங்கியிருக்கும். 1980-களிலும் 90-களிலும் கல்யாணம் நடந்த பல வீடுகளில் இப்படி ஒரு வீடியோ கேசட் இன்னும் இருக்கிறது. போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. வீட்டிலிருந்த டெக் ரிப்பேராகி, பழைய சாமான்காரரிடம் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

திடீரென்று ஒருநாள் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். அப்பா அம்மாவின் 35-வது திருமண நாளுக்கு அந்த வீடியோவை கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, ஐந்து நிமிடப் படமாக்கி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் எப்படி இருக்கும்?

நன்றாகத்தான் இருக்கும். ஆனால், இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கேசட்டில் இருப்பதை முழுசாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது ஒன்று. அதை எடிட் செய்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப்போய், 'இதெல்லாம் எதுக்கு' என்று பாதியை விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் பதிவுசெய்துகொள்கிறார்கள். பிறகு அந்தப் பாதி வேண்டுமென்று தோன்றும்போது கேசட் ஓடாது. அல்லது, ஓட்டுவதற்கு டெக் இருக்காது.

கேசட்டுக்கும் வயசாகுது

வி.ஹெச்.எஸ் கேசட்டை ஜப்பானின் ஜே.வி.சி நிறுவனம் 1976-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி இந்தியாவில் கலர் டிவி அறிமுகமானது. கூடவே வீடியோ டெக்கும் வீடுகளுக்குள் வரத் தொடங்கியது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமாவின் பெட்டியில் டெக் இருந்தால், தெருவே திரண்டு வந்து படம் பார்த்த காலம் அது. அடுத்து, கல்யாண மண்டபத்துக்குள் வீடியோ கேமரா நுழைந்தது. கேமராக்காரருக்குப் பின்னால் ஒருவர் பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற பெரியவர்கள் இன்றைக்கும் அந்த கேசட்டுக்குள் அப்படியே நிற்கிறார்கள்.

அவர்கள் நிற்கும் இடம் அரை அங்குல அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் காந்தத் துகள்களை ஒருவகைப் பசை பிடித்துவைத்திருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தை அந்தப் பசை மெல்ல மெல்ல உறிஞ்சும். வருடங்கள் போகப் போக அது பிசுபிசுக்கலாம், உதிரலாம். ஈரமான இடத்தில் இருந்த கேசட்டில் பூஞ்சையும் பிடிக்கும். கடலோர ஊர்களிலும், மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும் வீடுகளிலும் இந்த ஆபத்து அதிகம்.

இதைவிடப் பெரிய சிக்கல் டெக். உலகத்தில் கடைசிவரை வி.சி.ஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் பழைய டெக்தான். அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். காந்த நாடாவில் உள்ள பதிவுகளையெல்லாம் 2025-ஐ ஒட்டியாவது டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும், பிறகு ஓட்டிப்பார்க்க கருவிகள் கிடைப்பது கஷ்டம் என்று ஒலி, ஒளிக் காப்பக வல்லுநர்கள் எச்சரித்தார்கள். யுனெஸ்கோவும் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை இயக்கம் நடத்தியது. அந்தக் கெடு வந்தே விட்டது. அதனால் எல்லா கேசட்டும் அழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான்.

முதல்ல கேசட்டைப் பாருங்க

டெக் கிடைத்த சந்தோஷத்தில் கல்யாண கேசட்டைச் சட்டென்று உள்ளே தள்ளிவிடக் கூடாது. முதலில் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். பெரிய கேசட் என்றால் பெரும்பாலும் வி.ஹெச்.எஸ். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால், அது வி.ஹெச்.எஸ்-சி ஆகவோ, 8 எம்எம் கேசட்டாகவோ, மினி டிவியாகவோ இருக்கலாம். கேசட்டின் மேலேயே பெயர் அச்சிட்டிருக்கும். வி.ஹெச்.எஸ்-சியை ஓர் அடாப்டருக்குள் வைத்துச் சாதாரண டெக்கிலேயே ஓட்டலாம். 8 எம்எம் கேசட்டுக்கு அப்படி எந்த அடாப்டரும் கிடையாது. அதே வகை கேமராவைத்தான் தேட வேண்டும். மினி டிவி அப்போதே டிஜிட்டலில் பதிவானது. அதன் கேமராவும் ஃபயர்வயர் கேபிளும் இருந்தால், தரம் குறையாமல் அப்படியே நகல் எடுத்துவிடலாம்.

அடுத்து, கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நாடாவின் ஓரங்களில் வெள்ளையாகப் பொடியோ, நூல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தால் அது பூஞ்சை. அந்த கேசட்டை டெக்கில் போடவே கூடாது. போட்டால் டெக்கின் உள்பாகம் அழுக்காகும். பிறகு அதில் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டிக்கொள்ளும். இதை அனுபவமுள்ளவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்வதுதான் நல்லது.

கேசட்டின் முதுகுப் பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது இருந்தால் அந்த கேசட்டில் புதிதாக ரெக்கார்டு செய்ய முடியும். தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டால், தாலி கட்டும் காட்சி இருந்த இடத்தில் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சும். அதனால் அந்தத் தகட்டை உடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

நாடா அறுந்திருந்தால் சாதாரண செல்லோடேப் போட்டு ஒட்டவே கூடாது. அதன் பசை, டெக்கின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இதற்கென்று தனி ஒட்டு நாடா இருக்கிறது. வெளிக்கூடு மட்டும் உடைந்திருந்தால் கவலையில்லை. ஐந்து திருகுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் நாடாச் சுருளை அப்படியே வேறு கேசட் கூட்டுக்குள் மாற்றிவிடலாம்.

டெக்கை எங்கே தேடுறது?

முதலில் தேட வேண்டிய இடம் சொந்தக்காரர்கள் வீட்டுப் பரண். பழைய டிவி மெக்கானிக்குகளிடமும் விசாரிக்கலாம். பழைய டெக் வாங்குபவர்கள், ஒரு பழைய சினிமா கேசட்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். நாடாவைக் கடித்துக் குதறும் டெக்காக இருந்தால், அது சினிமா கேசட்டோடு போகட்டும்.

டெக்குக்குள் ஓர் உருளை சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். நம் ஊர் முறையில் அது நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். அதில் இருக்கும் மிக நுண்ணிய ஹெட்டுகள்தான் படத்தைப் படிக்கின்றன. அங்கே அழுக்கு சேர்ந்தால் திரையில் பனி கொட்டும். அதைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துபோகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நூல் பிரியாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு உருளையின் மேல் லேசாக வைத்துக்கொண்டு, உருளையைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். தயக்கமாக இருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 'பால்' முறையில் ஒளிபரப்பிய நாடுகள். அமெரிக்கா 'என்டிஎஸ்சி' முறை. அமெரிக்காவில் இருந்த சித்தப்பா அங்கே எடுத்து அனுப்பிய கேசட் இங்குள்ள டெக்கில் உருண்டு புரண்டு ஓடினால், கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இரண்டு முறையையும் படிக்கும் மல்டி சிஸ்டம் டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூணு மணி நேரம்னா மூணு மணி நேரம்தான்

டெக்கின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத்தில் மூன்று துளைகள் இருக்கும். சில டெக்குகளில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. அந்த ஒயர்களை யுஎஸ்பி வீடியோ கேப்சர் என்ற சின்னக் கருவியில் செருகி, அதை லேப்டாப்பில் இணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் இது வேலை செய்யும். ஆனால் மூன்று மணி நேரப் பதிவுக்கு லேப்டாப்தான் பத்திரம். டிவியில் ஓடவிட்டு எதிரே போனை வைத்து எடுப்பதை மறந்துவிடலாம். படம் துடிக்கும், நிறம் மாறும், சமையலறை குக்கர் விசிலும் கல்யாண மேளத்தோடு சேர்ந்து பதிவாகும்.

பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளே போதும். ஆனால், அதை நிறுவியவுடன் இருக்கும் அமைப்பு இன்றைய அகலத் திரைக்கானது. அன்றைய டிவி 4:3 வடிவம். அதனால் திரை அளவை 768க்கு 576 என்றும், நொடிக்கு 50 பிரேம் என்றும் மாற்ற வேண்டும். 'டீ-இன்டர்லேஸிங்' என்ற இடத்தில் 'யாடிஃப் 2எக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும். இதைச் சரிசெய்யாவிட்டால், யாராவது கையை வீசி நடக்கும்போது விளிம்பெல்லாம் சீப்பின் பல் மாதிரி தெரியும்.

கோப்பு வகையில் எம்பி4-க்குப் பதிலாக எம்கேவி என்று வைத்துக்கொள்வது நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். பதிவின் நடுவே கரன்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தால், எம்பி4 கோப்பு மொத்தமாகத் திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பிவிடும். வேலை முடிந்தபின் அதே மென்பொருளிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம், தரம் குறையாது.

நொடிக்கு 8 மெகாபிட் என்ற தரத்தில் பதிவுசெய்தால், மணிக்கு 3.6 ஜிபி ஆகும். மூன்று மணி நேர கேசட்டுக்குச் சுமார் 11 ஜிபி. வீட்டு உபயோகத்துக்கு இது தாராளம். தரம் கொஞ்சமும் குறையாமல் காப்பகத் தரத்தில் வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் 'விர்ச்சுவல் டப்' போன்ற மென்பொருளில் 'ஹஃப்ஒய்யுவி' முறையில் பதிவுசெய்வார்கள். அதற்கு இதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும்.

இந்த வேலையில் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேர கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும். லேப்டாப் தானாகத் தூங்கிப்போகாதபடி அமைப்பை மாற்றிவிட்டு, முதலில் ஐந்து நிமிடம் சோதனைப் பதிவு செய்து, சத்தம் வருகிறதா, உதடும் பேச்சும் சேர்ந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். கோடு கோடாக வந்தால் டெக்கில் உள்ள 'டிராக்கிங்' பட்டனை அழுத்திச் சரிசெய்யலாம். படத்தின் அடியில் ஒரு பட்டை மட்டும் துடித்துக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். எல்லா வி.ஹெச்.எஸ் கேசட்டிலும் அது உண்டு. பழைய டிவிக்கள் ஓரத்தைக் கொஞ்சம் மறைத்துக் காட்டியதால் அப்போது கண்ணில் படவில்லை. எடிட்டிங்கில் மறைத்துக்கொள்ளலாம்.

பிறகு கேசட்டை முழுசாக ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை பதிவுசெய்ய வேண்டும். 'சும்மா ஒருமுறை பார்த்துட்டு அப்புறம் ரெக்கார்டு பண்ணலாம்' என்பது மட்டும் வேண்டாம். வயதான நாடாவுக்கு நன்றாக ஓடும் ஓட்டம் இன்னும் எத்தனை மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டார் பார்க்கும் முதல் தடவையே பதிவும் நடக்கட்டும்.

'அதான் சி.டி இருக்கே!'

2000-ஐ ஒட்டிய வருடங்களில் பலர் கல்யாண கேசட்டை ஸ்டுடியோவில் கொடுத்து வி.சி.டி-யாக மாற்றி வாங்கினார்கள். அந்த நம்பிக்கையில் கேசட்டைத் தூக்கிப் போட நினைப்பவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வி.சி.டி-யின் படம் 352க்கு 288 புள்ளிகள்தான். முழு டிவி படத்தின் கால்வாசி. அதற்குள் அடக்குவதற்காகக் கடுமையாகச் சுருக்கியும் இருப்பார்கள். அந்த சி.டி-க்களே இப்போது பல வீடுகளில் கீறல் விழுந்து திக்கித் திணறுகின்றன. கேசட் இன்னும் ஓடுகிறது என்றால், அதிலிருந்து புதிதாக எடுப்பதுதான் சி.டி-யைவிடத் தெளிவாக இருக்கும்.

வீட்டில் செய்ய நேரமில்லாதவர்கள் கடையில் கொடுக்கலாம். கொடுக்கும்போதே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். கேசட் முழுவதும் வெட்டாமல் வேண்டும். படத்தை அகலமாக இழுக்கக் கூடாது. கடையின் பெயரோ லோகோவோ படத்தின் மேல் வரக் கூடாது. டிவிடி மட்டும் போதாது, கோப்பாக பென் டிரைவில் வேண்டும். கேசட்டைத் திருப்பித் தர வேண்டும். முதலில் ஒரு கேசட்டைக் கொடுத்து, வந்ததைப் பார்த்துத் திருப்தியானபின் மற்றதைக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

பாட்டியைப் பக்கத்துல உட்கார வைங்க

பதிவு ஓடும் அந்த மூன்று மணி நேரத்தில் இன்னொரு வேலையும் நடக்க வேண்டும். வீட்டில் மூத்தவர் யாரோ அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ள வேண்டும்.

“பாட்டி, பந்தியில சாம்பார் வாளியோட ஓடுறாரே, அவரு யாரு?”

“அவனா? உங்க தாத்தாவோட பெரியப்பா மகன். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து, காய்கறி வாங்கினதுல இருந்து எல்லாம் அவன்தான். சாப்பிடக்கூட உட்காரல பாவம்.”

இதை எழுதிவைக்க வேண்டும். '1 மணி 12-வது நிமிடம், சாம்பார் வாளியோடு தாத்தாவின் பெரியப்பா மகன்' என்று நேரத்தோடு எழுதிவைத்தால் இன்னும் நல்லது. நாடாவில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. பெயர் இருப்பது பாட்டியின் ஞாபகத்தில். முகங்களை எந்தக் கடையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும். பெயர்களை எந்தக் கடையும் கொடுக்காது.

எடிட்டிங்கை ஏன் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இங்கேதான் புரியும். கல்யாண வீடியோவில் இளைஞர்களுக்கு அலுப்பாகத் தெரிவது பந்தியும், வரிசையாக மொய் எழுதும் கூட்டமும், மேடையில் ஒவ்வொருவராக வந்து நிற்பதும்தான். முதல் வெட்டு அங்கேதான் விழும். ஆனால் அந்தக் காட்சிகளில்தான் மொத்த சொந்தமும் இருக்கிறது. போட்டோ எடுக்கக் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்ற அத்தையின் ஒரே அசையும் படம், பந்தியில் இலைமேல் தண்ணீர் தெளிக்கும் அந்த நான்கு நொடியாக இருக்கலாம். கேமராவுக்குப் பின்னாலிருந்து “ஏய், குழந்தைய பிடிங்க” என்று கேட்கும் ஒரு குரல், இன்று இல்லாத தாத்தாவின் குரலாக இருக்கலாம். எது முக்கியம் என்பது தெரியாமலேயே வெட்டிவிடும் ஆபத்து, தெரிந்தவர் பக்கத்தில் இல்லாதபோதுதான் வருகிறது.

அதனால் முழுப் பதிவைத் தொடவே கூடாது. அதற்கு ஒரு நகல் எடுத்து, நகலில்தான் கத்திரி போட வேண்டும். ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. படத்தை 4:3 வடிவத்திலேயே விட வேண்டும். அகலத்திரைக்கு இழுத்தால் மாப்பிள்ளைக்கு ஒரே நாளில் பத்து கிலோ கூடிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. நிறத்தைக் கொஞ்சம் திருத்தலாம், இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம். பின்னணியில் சினிமாப் பாட்டைச் சேர்ப்பதாக இருந்தால், கீழே அசல் சத்தம் கேட்கும்படி விட வேண்டும். அன்றைய ஸ்டுடியோக்காரர்களே பல இடங்களில் பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டிருப்பார்கள். மிச்சமிருக்கும் பேச்சையாவது காப்பாற்றலாம். யூடியூபில் ஏற்றினால் அந்தப் பாட்டுகளுக்குக் காப்புரிமைப் பிரச்னை வரலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும், கோப்புக்கு '1989 கல்யாணம் கேசட் 1' என்பது மாதிரி புரியும் பெயர் வைத்து, மூன்று இடங்களில் சேமிக்கலாம். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டிலோ கிளவுடிலோ. பாட்டி சொல்லி எழுதிய நோட்டையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதைச் சேமிப்பு என்று நினைக்கக் கூடாது. அது வீடியோவை நசுக்கித்தான் அனுப்பும்.

கேசட்டையும் தூக்கிப் போட வேண்டாம். முழுசாகச் சுற்றி, புத்தகம் மாதிரி நிற்கவைத்து, ஈரம் படாத இடத்தில் வைத்துவிடலாம். நாளைக்கு இதைவிட நல்ல டெக் கிடைத்தால் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம்.

திருமண நாளன்று குடும்ப குரூப்பில் அந்த ஐந்து நிமிடப் படம் போகட்டும். லைக்கும் ஹார்ட்டும் வந்து குவியும். அதற்கு மறுநாள் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரு பெரியம்மாவின் போன் வரும். “அந்தப் பந்தியில எங்க வீட்டுக்காரரு உட்கார்ந்திருந்தாரே, அந்த இடம் இருக்காப்பா?” என்று கேட்பார்.

இருக்கு பெரியம்மா என்று சொல்ல, அந்த முழு மூன்று மணி நேரம் வேண்டும்.